புலி ஹுலி என்றால் பூனை என்ன?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகளோடு ஆட விலங்குப் பெயர்ச் சீட்டுக் கட்டு ஒன்று செய்துவருகிறேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை அளவாக வெட்டி, ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் அது வந்த வழி. இதுவரை 43 சீட்டு தேறியிருக்கிறது. கழித்துப் போட்டது அதைவிட அதிகம்.

முதல் வாரம் எடுபடவில்லை. 'நீர்யானையின் கிரேக்கப் பெயருக்குப் பொருள் என்ன?' என்று கேட்டால், தெரிந்த ஒரு பிள்ளை 'ஆற்றுக் குதிரை' என்று சொல்லிவிடும். மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வாசல் திண்ணை வகுப்பறை ஆகிவிட்டது.

வான்கோழிச் சீட்டு வந்த பிறகுதான் சத்தம் கிளம்பியது. அமெரிக்கக் கண்டத்துப் பறவை அது. ஆங்கிலேயர் அதற்குத் துருக்கியின் பெயரை வைத்தார்கள். துருக்கியரோ 'ஹிந்தி' என்கிறார்கள், அதாவது இந்தியாவிலிருந்து வந்தது. போர்ச்சுகீசியருக்கு 'பெரு', தென்னமெரிக்க நாட்டின் பெயர். டச்சுக்காரருக்கு 'கல்கூன்', மலபார்க் கரையின் கள்ளிக்கோட்டைப் பெயரிலிருந்து. மலாய்க்காரருக்கு 'டச்சுக் கோழி'. பெயரையும் ஊரையும் கலைத்துப் போட்டு ஜோடி சேர்க்கச் சொன்னேன். யாருக்கும் முன்பே தெரிந்திருக்க வழியில்லை, அதனால் எல்லோரும் துணிந்து ஊகித்தார்கள்.

அனகோண்டாச் சீட்டில் தப்பு என்னுடையது. 'ஆனைகொன்றான்' என்ற தமிழ்ச் சொல்தான் மூலம் என்று விடை எழுதியிருந்தேன், பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆங்கிலத்தில் ஏறிய இந்தியச் சொற்களுக்கான ஹாப்சன் ஜாப்சன் அகராதியே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 'ஹெனகந்தயா' என்ற சிங்களப் பாம்புப் பெயர்தான் மூலம் என்பாரும் உண்டு. பொருந்துகிற கதை எல்லாம் விடை ஆகிவிடாது. அந்தச் சீட்டை எடுத்துவிட்டு, விதியையும் மாற்றினேன்: ஊகத்துக்கு ஒரு புள்ளி, அதற்குச் சாட்சியாக அதே மாதிரி மாறிய இன்னொரு சொல்லைக் கொண்டுவந்தால் மூன்று.

சாட்சி விதியோடு கன்னடச் சுற்று. எங்கள் ஊர் ஓசூர். தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். எதிர்வீட்டுக் கன்னடப் பாட்டி, எங்களுக்கு அஜ்ஜி, அவர்தான் நடுவர். 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' என்று மட்டும் சொன்னேன். புலி? 'ஹுலி!' சரி. ஆயிரம் வருஷத்துக்கு முன் பழங்கன்னடத்திலும் அது புலிதான். முதலில் நிற்கும் பகரம் பிற்பாடு ஹகரமாகத் தேய்ந்தது. பல்லி ஹல்லி, புழு ஹுளு, பன்றி ஹந்தி, பாம்பு ஹாவு. வடமொழியிலிருந்து வந்த பசுகூட ஹசு ஆகியிருக்கிறது.

அப்புறம் பூனை. 'ஹூனெ' என்று எல்லோரும் ஒரே குரலில் கத்த, அஜ்ஜி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "அல்லப்பா, பெக்கு." 'பஸ்' என்பதில் வருகிற பகரம். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. எனக்கும் அப்போது விடை தெரியாது.

அந்த வாரம் முழுக்க அதே நினைப்பு. அகராதியைப் புரட்டியபோது வெருகு கண்ணில் பட்டது. காட்டுப்பூனைக்கு நம் பழைய பெயர். தொல்காப்பிய மரபியலில் மூங்கா (கீரி), எலி, அணில் இவற்றோடு இதன் இளமைப் பெயரும் 'குட்டி' என்று வருகிறது. வெருகு, பெர்க்கு, பெக்கு. நம் வகரம் கன்னடத்தில் அந்த அழுத்தமான பகரம் ஆகும். மறு ஞாயிறு விடையைச் சொல்லாமல் 'வெருகு' என்று மட்டும் எழுதிச் சீட்டை வைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு என் அக்கா மகன், "மாமா, கடையில வாழைப்பழத்தை பாளெஹண்ணுன்னு சொல்றாங்கல்ல?" என்றான். வகரத்துக்கும் பகரத்துக்கும் அதிலேயே சாட்சி. பக்கத்தில் இருந்த பெண் 'பழம்–ஹண்ணு' இன்னொரு சாட்சி என்று உடனே பிடித்தாள். இருவருக்கும் மூன்று மூன்று புள்ளி கொடுத்தேன். இத்தனை வாரத்தில் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் அந்த நிமிஷம்தான்.

தெலுங்குச் சுற்றில் பன்றி 'பந்தி'. பெருச்சாளி 'பந்திகொக்கு', பன்றி எலி. ஆங்கில பேண்டிகூட் அதிலிருந்து போனதுதான், இப்போது ஆஸ்திரேலியாவில் வயிற்றுப் பையுள்ள ஒரு விலங்குக்கும் அதே பெயர். மூங்காச் சீட்டு அடுத்த வாரத்துக்கு: தெலுங்கில் முங்கிச, கன்னடத்தில் முங்குசி, மராத்தியில் முங்கூஸ். அந்த மராத்திச் சொல்தான் ஆங்கிலத்தில் மங்கூஸ்.

போன ஞாயிறு சீட்டை அடுக்கும்போது அஜ்ஜி பேச்சுவாக்கில் 'ஹொஸ' என்றால் புது என்றார். பழங்கன்னடத்தில் 'பொஸ'. அக்கா மகன் ஒரு நிமிஷம் தெருமுனைப் பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஹொஸ ஊரு... ஓசூர். அப்ப நம்ம ஊரு புதூரா மாமா?"

விலங்குச் சீட்டுக் கட்டில் ஊர்ப்பெயரை எங்கே செருகுவது என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு பத்திரிகையை வெட்டி வைத்திருக்கிறேன்.