மருந்து அறை வாசலில் சொன்ன பதில்

"குயிலி குதிச்சது இங்கதானே அங்கிள்?" என்று வேலுநாச்சியார் படையின் வீராங்கனையைப் பற்றி அந்தச் சின்னப் பெண் கேட்டதும் நான் யோசிக்கவே இல்லை. "இல்லம்மா, அது சிவகங்கை அரண்மனையில. இது வேற" என்றேன். சுற்றுலா வழிகாட்டியாக ஒரு குடும்பத்தை அழைத்துப் போனபோது, திருமயம் கோட்டையில் பாதி ஏறியதும் வலது பக்கம் இருக்கிற வெடிமருந்து அறை வாசலில் வைத்துச் சொன்னது. அவள் முகம் வாடிவிட்டது. மொத்தக் குடும்பமும் எதிர்ப்பாறையில் குடைந்திருக்கும் சிவலிங்கக் குகை பக்கம் திரும்பிவிட்டது.

இறங்கும்போது அவளுடைய அப்பத்தா என்னை நிறுத்தினார். "ஏந்தம்பி, ஆமான்னு சொல்லியிருந்தா பிள்ளை கொஞ்ச நேரம் நின்னு பாத்திருக்கும்ல?"

"இல்லாததை எப்படி ஆச்சி சொல்றது?"

"அது சரி. குயிலி இல்லைன்னு சொன்னீக. என்ன இருந்துச்சுன்னு சொல்லலையே."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. காரைக்குடி வரை வண்டியில் ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

நான் சொன்னது சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். 1780இல் வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்டபோது, விஜயதசமிக் கூட்டத்தோடு அரண்மனைக்குள் போன குயிலி உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்ந்தாள் என்பது இந்தச் சீமையே சொல்லும் கதை. அதற்கென்று ஓர் ஊர் இருக்கிறது. கூட்டம் நிற்கவேண்டும் என்பதற்காக அதைத் தூக்கி வந்து திருமயத்தில் வைப்பது குயிலிக்கும் மரியாதை இல்லை, இந்த அறைக்கும் மரியாதை இல்லை.

ஆனால் ஆச்சி கேட்டது அதை இல்லையே.

என்ன இருந்தது? 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை. உச்சியில் பீரங்கி மேடை, கீழே வாசல்கள், நடுவில் இந்த அறை. வெடிமருந்து என்றால் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். ஈரம் பட்டால் பற்றாது, பொறி பட்டால் யாரும் மிஞ்சமாட்டார்கள். மழைக்கும் நெருப்புக்கும் ஒரே நேரத்தில் பயந்து கட்டவேண்டிய கட்டடம் அது. இப்படிப்பட்ட கிடங்குகளுக்குள் இரும்புச் சாமானே ஆகாது, மரமும் செம்பும்தான். பீரங்கிக்குப் பக்கத்திலும் வைக்க முடியாது, அவசரத்துக்கு எட்டாத தூரத்திலும் வைக்க முடியாது. பாதி மலையில் இடம் பார்த்ததற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். உள்ளே விளக்கு கொண்டுபோகப் பயந்தவன் ஒருவன் இருட்டிலேயே கையால் தடவி மருந்து எடுத்திருப்பான் என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் நிற்காதா? நின்றிருக்கும் என்று தோன்றுகிறது. நாற்பது டிகிரி வெயிலில் எதற்குமே நிற்காது என்றும் தோன்றுகிறது.

கானாடுகாத்தான் செட்டிநாட்டு வீடுகளுக்கு அழைத்துப் போகும்போது இதே ஆட்கள்தான் சுவரைத் தொடலாமா என்று அனுமதி கேட்கிறார்கள். முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பூச்சு என்று சொன்னதும், கண்ணாடி மாதிரி இருக்கே என்று புறங்கையால் மெதுவாகத் தடவிப் பார்ப்பார்கள். அங்கே "எங்க ஐயா கட்டினது" என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். கோட்டைக்கு வந்தால் அதே கை சாவியை எடுத்துச் சுவரில் கீறுகிறது. ஒரு பெயர், ஒரு அம்பு, இன்னொரு பெயர். தொல்லியல் துறை போர்டு வைக்கலாம், வேலி போடலாம். இது உங்களுடையது என்று போர்டா சொல்லும்? அது என் வேலை என்றுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. கோட்டையை நான் எல்லாரிடமும் "ஊமையன் கோட்டை" என்றுதான் அறிமுகப்படுத்துகிறேன். கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை 1801இல் தூக்கிலிடப்பட்டவர். அப்போதே கோட்டைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகியிருந்தது. ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது என்பது உண்மை. அந்தப் பேரைச் சொன்னால்தான் கூட்டம் நிமிர்ந்து பார்க்கிறது என்பதும் உண்மை. பெரியவர்களுக்கு அவ்வளவு விட்டுக்கொடுக்கிறவன், ஒரு குழந்தையிடம் மட்டும் ஏன் அத்தனை கறாராக இருந்தேன்?

இப்போதெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அறைக்கு முன்னால் நிறுத்தி, "நீங்க ராஜாவா இருந்தா மருந்தை எங்க வைப்பீங்க?" என்று கேட்கிறேன். சிலர் உச்சி என்கிறார்கள், சிலர் கிணறு என்கிறார்கள். போன தடவை ஒரு பையன், "எதிரி வர்ற வழியில வச்சிரலாம் சார்" என்றான். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் எல்லாரும் நின்றார்கள், பேசினார்கள். குயிலியைப் பற்றி யாராவது கேட்டால் இப்போதும் சிவகங்கை என்றுதான் சொல்வேன். ஆச்சிக்கு இது போதுமா, தெரியவில்லை.