ஆற்றின் படுகையில் ஆயிரம் லிங்கம்

கம்போடியா போகலாம் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்கே யாருடா எனக்குச் சைவச் சாப்பாடு போடுவாங்க?" என்பதுதான். நியாயமான கேள்வி. மீன் கலக்காத குழம்பைத் தேடிப் பிடிப்பது அந்த ஊரில் லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு சின்ன ரைஸ் குக்கர், ஒரு கிலோ புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அப்புறம் வீட்டுப் பூஜையில் இருக்கும் செப்புச் சொம்பு, இவ்வளவும் பெட்டிக்குள் போன பிறகுதான் அம்மாவின் முகம் தெளிந்தது. அம்மாவுக்கு வயது 68. பிறந்த ஊர் காரைக்கால். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெரியப்பா வழக்கம்போல வாட்ஸப்பில் ஒன்றை அனுப்பினார். "சோழர்கள் கட்டிய உலகின் மிகப் பெரிய கோயில் அங்கோர் வாட்." இதை எத்தனை பேர் எத்தனை முறை அனுப்பிவிட்டார்கள். அதைக் கட்டியவன் இரண்டாம் சூரியவர்மன், கம்போடியாவின் கெமர் இனத்து அரசன், 12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் விஷ்ணுவுக்காக எழுப்பியது. அவனுக்கு முன்னால் அந்த மண்ணில் ஐந்தாறு நூற்றாண்டாகக் கோயில் கட்டிப் பழகிய ஒரு ஜனம் இருந்தது. அந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை. அதனால் எல்லோரும் முதலில் ஓடிப் பார்க்கிற அங்கோர் வாட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு வருகிற மாதிரி பயணத்தை அமைத்துக்கொண்டேன்.

புனோம் பென்னில் இறங்கி வடக்கே கம்போங் தோம் பக்கம் வண்டி போனது. ஓட்டுநர் சின்னப் பையன், கொஞ்சம் ஆங்கிலம் பேசுவான். அம்மாவைப் பார்த்ததும் கைகூப்பி "யேய்" என்றான். பாட்டி என்று அர்த்தமாம். அம்மா அவனைத் "தம்பி" என்றே கடைசி வரை கூப்பிட்டார், அவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டான். கெமர் மக்கள் தங்கள் பிறப்புக் கதையாகச் சொல்வதை வழியில் அவனிடமே கேட்டோம். கடல் கடந்து கப்பலில் ஒருவன் வந்தான், நாக அரசனின் மகளை மணந்தான், மாமனாரான நாகராஜன் அந்தப் பரப்பின் நீரையெல்லாம் உறிஞ்சிக் குடித்து, வெளிப்பட்ட நிலத்தைச் சீதனமாகக் கொடுத்தான். சமஸ்கிருதக் கல்வெட்டில் அவர்கள் பெயர் கௌண்டின்யனும் சோமாவும். ஊர்ப் பேச்சில் பிரேய தோங், நியாங் நியாக். "என் கல்யாணத்தில்கூட நான் அவளுடைய மேலாடை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் அறைக்குள் போனேன், நாகலோகத்துக்கு அவன் அப்படித்தான் போனான்" என்றான் தம்பி. அம்மா உடனே, "நம்ம மணிமேகலையில வர்ற பீலிவளை கதை மாதிரியே இருக்கே, அவளும் நாகநாட்டுப் பொண்ணுதானே" என்றார். கடல் ஓரத்தில் வாழ்ந்தவர்களுக்கெல்லாம் இப்படி ஒரு கதை வேண்டியிருக்கிறது போல.

கதையை விடுங்கள், நடந்தது என்ன என்றால், கிறிஸ்துவுக்குப் பின் முதல் சில நூற்றாண்டுகளில் மேகாங் ஆற்றின் கழிமுகத்தில் ஒரு வணிக அரசு இருந்தது. சீனர்கள் அதை ஃபுனான் என்று எழுதி வைத்தார்கள். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே போய்வந்த கப்பல்கள் அங்கே ஒதுங்கின, சரக்கோடு எழுத்தும் தெய்வங்களும் இறங்கின. ஆனால் இறங்கிய இடம் வெற்றிடம் கிடையாது. நெல் விளைவித்து, வெண்கலமும் இரும்பும் உருக்கி, கெமர் மொழியின் முன்னோடியைப் பேசிக்கொண்டு அங்கே ஏற்கெனவே ஜனங்கள் இருந்தார்கள். அவர்கள் எழுத்தை வாங்கிக்கொண்டு மொழியைத் தங்களுடையதாகவே வைத்துக்கொண்டார்கள். தேதி போட்ட மிகப் பழைய கெமர் மொழிக் கல்வெட்டு 611-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் எழுத்து தென்னிந்திய வழியில் வந்தது, பல்லவ கிரந்தத்துக்கு நெருங்கிய சொந்தம்.

சம்போர் பிரே குக் வந்து சேர்ந்தோம். பழைய பெயர் ஈசானபுரம். 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈசானவர்மனின் தலைநகரம், சீனர்கள் சென்லா என்று சொன்ன அரசு. அவன் அப்பா பெயர் மகேந்திரவர்மன்! காஞ்சியில் நம் மகேந்திரவர்மன் இருந்த அதே காலம், அப்பர் பெருமான் நடந்து திரிந்த காலம். காட்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட செங்கல் கோயில்கள், சில எட்டுப் பட்டை வடிவத்தில். சுவரில் செங்கல்லைச் செதுக்கியே ஒரு பறக்கும் மாளிகை, அதைக் கீழே சிறகு விரித்தவர்கள் தாங்குகிறார்கள். கருவறைக்குள் எட்டிப் பார்த்தால் பல இடங்களில் ஆவுடையார் மட்டும் இருக்கிறது, லிங்கம் இல்லை. ஒரு கோபுரத்தை ஆலமர இனத்து மரம் ஒன்று வேரால் முழுசாகக் கட்டிப் பிடித்திருக்கிறது, மரத்தை எடுத்தால் கோயில் விழும், கோயில் இல்லாவிட்டால் மரம் விழும். பக்கத்திலேயே 1970-களின் போரில் விழுந்த குண்டுகள் தோண்டிய பள்ளங்கள். நாங்கள் இருந்த இரண்டு மணி நேரத்தில் வேறு நாலு பேரைத்தான் பார்த்தோம். அம்மா வெறும் ஆவுடையாரின் மேல் ஒரு பூவை வைத்துவிட்டு, "சாமி எங்கேயோ வெளியில போயிருக்காரு, வருவாரு" என்று சொல்லி நகர்ந்தார்.

அன்றிரவே அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப். மறுநாள் காலையில் புனோம் குலேன் மலை. இதற்கு அங்கோர் சீட்டு செல்லாது, தனிச் சீட்டு வாங்க வேண்டும். பாதை குறுகல் என்பதால் நாங்கள் போனபோது முற்பகலில் மேலே ஏறும் வண்டிகளை மட்டும் விட்டார்கள், மதியத்துக்குப் பிறகுதான் கீழே இறங்க விட்டார்கள், எனவே சீக்கிரம் கிளம்பினோம். குலேன் என்றால் லிச்சிப் பழம். பழைய பெயர் மகேந்திர பர்வதம்.

கெமர் பேரரசு பிறந்த இடம் என்று கைகாட்டச் சொன்னால் இந்த மலையைத்தான் காட்டுவார்கள். 802-ஆம் ஆண்டு, துண்டு துண்டாகக் கிடந்த சிற்றரசுகளைச் சேர்த்த இரண்டாம் ஜயவர்மன் இங்கே ஒரு சடங்கு செய்து தன்னைச் சக்கரவர்த்தியாக அறிவித்துக்கொண்டான். நமக்கு அது தெரிவது 11-ஆம் நூற்றாண்டின் ஸ்டோக் கோக் தோம் கல்வெட்டால், அந்தக் கல் கிடைத்த இடம் இப்போது தாய்லாந்துக்குள் இருக்கிறது. ஹிரண்யதாமன் என்ற அந்தணர் சடங்கை நடத்தினார், சிவகைவல்யர் என்பவரும் அவருடைய வம்சமும் அந்தப் பூஜைக்கு உரியவர்கள் ஆனார்கள் என்கிறது அது. அந்தப் பூஜைக்குரிய தெய்வத்தின் பெயர் சமஸ்கிருதத்தில் தேவராஜன், கெமர் மொழியில் 'கம்ரதேங் ஜகத் த ராஜ'. அரசனே கடவுள் என்று பலரும் இதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். அரசனுக்குக் காவலாக நின்ற ஒரு தெய்வம் என்று படிப்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, நம் ஊர் ராஜாக்களுக்குக் குலதெய்வம் இருந்த மாதிரி. 2012-இல் ஹெலிகாப்டரிலிருந்து லேசர் கதிர் பாய்ச்சிப் பார்த்தபோது, இந்தக் காட்டுக்கு அடியில் ஒரு நகரத்தின் தெருக்களே கட்டம் கட்டமாகத் தெரிந்திருக்கின்றன. நாங்கள் நடந்த இலைச் சருகுக்குக் கீழே எவ்வளவு இருக்கிறதோ.

சரி, ஆற்றுக்கு வருகிறேன். அதற்குத்தானே போனது.

தை மாதம், மழை முடிந்து தண்ணீர் தெளிந்து கணுக்கால் அளவுக்கு ஓடுகிறது. முதலில் ஒன்றுமே தெரியவில்லை, படுகையில் கூழாங்கல் பதித்த மாதிரி ஒரு சொரசொரப்பு. வெயில் ஒரு மரத்தைத் தாண்டி ஆற்றின் மேல் விழுந்த நொடியில் பார்த்தால், வரிசை வரிசையாக வட்டம் வட்டமாக, பாறையையே செதுக்கி எடுத்த சிவலிங்கங்கள், நடுவே சதுர ஆவுடையார்கள். சஹஸ்ரலிங்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஒரே பாணத்தில் ஆயிரம் கோடு கீறியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆற்றின் படுகை முழுக்கச் சிவன் படுத்திருந்து பார்த்ததில்லை. இதே மலைத்தொடரில் கபால் ஸ்பியன் என்ற இடத்திலும் இப்படி உண்டு. அங்கே பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளும் தண்ணீரோடு இருக்கிறார், ஆனால் காட்டுக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற வேண்டும், அம்மாவின் முழங்கால் சம்மதிக்கவில்லை.

அம்மா சொம்பைக் கையில் எடுத்தார். அபிஷேகம் செய்யத்தான் அதை அவ்வளவு தூரம் தூக்கி வந்தது. ஆற்றில் மொண்டார், கையில் வைத்துக்கொண்டு நின்றார், எங்கே ஊற்றுவது என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்க அபிஷேகம் நிக்கவே இல்லையேடா. நான் எதுக்கு?"

அதைத்தான் செதுக்கினவர்களும் நினைத்திருக்க வேண்டும். இந்த மலையில் பிறக்கிற தண்ணீர்தான் கீழே அங்கோர் சமவெளிக்குப் போகிறது. அங்கே இந்திரதடாகம் தொடங்கி, எட்டு கிலோமீட்டர் நீளமும் இரண்டு கிலோமீட்டர் அகலமும் உள்ள மேற்கு பாராய் வரை அரசர்கள் ஏரி ஏரியாக வெட்டி வைத்தார்கள். மலையிலேயே லிங்கங்களைத் தொட்டுவிட்டுப் புறப்பட்டால், வாய்க்காலில் ஓடி வயலில் பாய்கிற ஒவ்வொரு சொட்டும் தீர்த்தம். வீட்டுக்கு வீடு பிரசாதம் போய்ச் சேர்ந்த மாதிரி. ஒரு ஊரின் மொத்த நெல்லுக்கும் சிவன் கோமுகத் தண்ணீர் பாய வேண்டும் என்று யோசித்தவர்களை, யாரோ வந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

பக்கத்தில் பெரிய பாறையின் உச்சியிலேயே செதுக்கிய எட்டு மீட்டர் சயன புத்தர். கெமர் குடும்பங்கள் அவரைக் கும்பிட்டுவிட்டு இறங்கி, இந்த ஆற்று நீரைப் பாட்டிலில் பிடித்துப் போகிறார்கள். அவர்களுக்கு இரண்டும் ஒரே மலை. அம்மாவும் அவர்களைப் பார்த்து, சொம்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி மூடினார்.

அடுத்த நாள் பாந்தியாய் ஸ்ரே. 967-இல் பிரதிஷ்டையான சிவன் கோயில், சாமி பெயர் திரிபுவன மகேஸ்வரர். கட்டியது அரசன் இல்லை, யக்ஞவராகர் என்ற அரச குரு. இளஞ்சிவப்பு மணற்கல். கோயில் சின்னது, பெரிய பெரிய படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். ஆனால் கல்லில் விரல்கடை இடம்கூட விடாமல் வேலை, மரத்தில் இழைத்த மாதிரி. கயிலையை அசைக்கும் ராவணன், மன்மதனை எரிக்கும் சிவன், எல்லாம் நமக்குப் பழக்கமான கதைகள், முகம் மட்டும் கெமர் முகம்.

கிழக்கு வாசல் ஒன்றின் முகப்பில் ஆடும் சிவன். நான் அவருடைய கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா சத்தமே போடாமல் என் சட்டையை இழுத்தார். சிவனின் காலடியில், ஓரமாக, வற்றிய மார்பும் எலும்பு துருத்திய உடம்புமாக ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்க ஊர் அம்மாடா."

ஆய்வாளர்கள் பலரும் அதைத்தான் சொல்கிறார்கள், அது காரைக்கால் அம்மையார் என்று. அம்மாவுக்கு எந்த ஆய்வாளரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் எறிந்து வளர்ந்தவர். வடிவத்தை உதறிப் பேயுரு கேட்டவள், ஆடும்போது உன் அடியின்கீழ் இருக்க வேண்டும் என்று வரம் வாங்கினவள், கடல் தாண்டி இங்கேயும் அதே இடத்தில் இருக்கிறாள். சுற்றுலாக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்க, அம்மா "கொங்கை திரங்கி" என்று பதிகத்தை மெல்லிய குரலில் எடுத்தார். இரண்டு பேர் நின்று கேட்டார்கள், ஒருவர் படம் எடுத்தார். காவலுக்கு நின்ற பெண் கூட்டத்தை நகரச் சொல்லிக்கொண்டிருந்தவள் எங்களை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பதிகம் முடியும் வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன், கண் சரியில்லை.

எந்த வழியாக அம்மையார் இங்கே வந்தார், யார் சொல்லி அந்தச் சிற்பி செதுக்கினார் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. போக்குவரத்து இருந்தது என்பது மட்டும் உறுதி, அதுவும் இரண்டு பக்கமும். காம்போஜ (அதாவது கம்போடிய) அரசன் நட்புக்காக ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. காம்போஜ அரசன் காட்சிப் பொருளாகக் கொடுத்த கல் ஒன்றைச் சிதம்பரம் கோயிலில் பதித்ததாக, முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு, 1114-ஆம் ஆண்டு. பெரியப்பாவுக்கு இதைத்தான் அனுப்பி வைத்தேன்: நாம் அங்கே கட்டியது இருக்கட்டும், அவர்கள் கொடுத்த கல் நம் சிதம்பரத்தில் இருக்கிறது. நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

கடைசி நாள் அங்கோர் வாட். நிறைய பேர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். பாற்கடல் கடையும் சிற்பம் ஐம்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதைப் பார்க்கவே அரை நாள் வேண்டும். மேல்தளப் படி செங்குத்து, அம்மா கீழேயே உட்கார்ந்துவிட்டார். மேற்கு வாசலில் எட்டுக் கை விஷ்ணு நிற்கிறார், மஞ்சள் துணி சாத்தி, ஊதுவத்தி ஏற்றி, இன்றும் ஊர்க்காரர்கள் கும்பிடுகிறார்கள், பேர் தா ரீச். பேர் என்னவாக இருந்தாலும் பெருமாள்தானே என்று அம்மாவும் ஒரு ஊதுவத்தி ஏற்றினார்.

தண்ணீர்ப் பாட்டில் சட்டைத் துணிகளுக்கு நடுவே பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தது. இப்போது பூஜை அலமாரியில் கங்கைச் சொம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் ஒரு சொட்டு லிங்கத்தின் மேல் விடுகிறார். எனக்கு ஒரு மூடி கொடுங்கள் என்று கேட்டேன், ஆனித் திருவிழாவுக்குக் காரைக்கால் போகும்போது அம்மையாருக்குக் கொஞ்சம் எடுத்துப்போக வேண்டும், மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்றுவிட்டார்.