பேராயரும் வட்டிக் கணக்கும்

மதத் தலைவர்கள் பொருளாதாரம் பேசலாமா என்ற கேள்வி பிரிட்டனில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்து அடங்குவது வழக்கம். 1985 டிசம்பரில், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான அப்போதைய கான்டர்பரி பேராயர் ராபர்ட் ரன்சி அமைத்த குழு பெருநகரங்களின் வறிய பகுதிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டபோது, தம் பெயரை வெளிப்படுத்தாத அமைச்சர் ஒருவர் அதை மார்க்சிய இறையியல் என்று ஒதுக்கினார். 1988 மே மாதம் எடின்பரோவில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவையில் பேசிய பிரதமர் மார்கரெட் தாட்சர், உழைக்காதவன் உண்ணலாகாது என்ற புனித பவுலின் வாக்கை எடுத்துச் சொன்னார். கிழக்கு லண்டனில் ஒரு கிரெடிட் யூனியனில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்த எனக்கு இந்த வாதங்களில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. பேசுகிறவருக்குக் கணக்குத் தெரியுமா, பேசிய பிறகு தம் நிறுவனத்தின் கணக்கேட்டைத் திறந்து காட்டுவாரா என்ற இரண்டு கேள்விகளே எங்கள் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்களுக்குப் பயன்பட்டவை.

கிரெடிட் யூனியன் என்பது நம் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு நெருங்கிய உறவு. ஒரே வட்டாரத்தில் வசிப்பவர்களோ ஒரே வேலையிடத்தைச் சேர்ந்தவர்களோ உறுப்பினராகிச் சேமிப்பார்கள். அந்தச் சேமிப்பிலிருந்தே உறுப்பினர்களுக்குக் கடன் தரப்படும். வட்டிக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. நம் ஊர்ப் பேச்சு வழக்கில் சொன்னால், 2014 ஏப்ரல் வரை நாங்கள் அதிகபட்சம் இரண்டு வட்டி வாங்கலாம். அதன் பிறகு மூன்று வட்டி. நூறு பவுண்டு வாங்கி ஒரு மாதத்தில் திருப்பினால் மூன்று பவுண்டுக்கு மேல் வட்டி கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. அதே காலத்தில், சம்பள நாள் வரைக்கும் சிறு தொகை கொடுக்கும் பேடே லோன் நிறுவனங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1% வட்டியும் அதற்கு மேல் கட்டணமும் வாங்கிக்கொண்டிருந்தன. அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பெயராயிருந்த வோங்கா, தன் விளம்பரங்களில் ஆண்டு வட்டி வீதம் 5,853% என்று தானே அச்சிட்டிருந்தது. காரைக்குடிப் பக்கம் பிறந்து, வட்டிக் கணக்கைக் கேட்டே வளர்ந்த எனக்கும் அந்த எண்ணை முதலில் பார்த்தபோது நம்பிக்கை வரவில்லை.

எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் வேலையில் இருந்தவர்கள். அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர்கள், முதியோர் இல்லப் பராமரிப்பாளர்கள், சூப்பர் மார்க்கெட்டில் இரவில் அலமாரிக்குச் சரக்கு அடுக்குபவர்கள். துணி துவைக்கும் இயந்திரம் பழுதாகும், அல்லது பள்ளிச் சீருடை வாங்க வேண்டியிருக்கும், அல்லது ஊரில் ஒரு சாவு விழுந்து விமானச் சீட்டு எடுக்க நேரும். கைப்பேசியில் பத்து நிமிடத்தில் பணம் வந்துவிடும். பணத்தைத் திரும்ப எடுக்கும் முறைதான் கொடுமையானது. வங்கி அட்டையின் எண்ணைக் கடன் கொடுத்தவர் வைத்திருப்பதால், சம்பளம் கணக்கில் விழுந்த நள்ளிரவிலேயே தன் பங்கை உருவிக்கொள்வார். விடிந்து பார்த்தால் வாடகைக்குப் பணம் இருக்காது. வாடகைக்காக இன்னொரு நிறுவனத்திடம் கடன் வாங்க வேண்டும். விண்ணப்பத்தோடு வரும் வங்கி அறிக்கைகளைப் படிப்பதுதான் என் முதல் வேலை என்பதால் இதை நான் வரி வரியாகக் கண்டேன். ஒரே மாதத்தில் நான்கைந்து நிறுவனங்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். சீட்டுப் பிடித்துச் சமாளிக்கும் நம் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்காக இல்லை. சீட்டுக் கட்டுவதற்காகவே பேடே லோன் எடுத்தவர்களும் வந்தார்கள். அவர்கள் அதைச் சொல்ல மிகவும் தயங்கினார்கள்.

இந்த நிலையில்தான் 2013 ஜூலையில் கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி, வோங்காவின் தலைவரை நேரில் சந்தித்து, உங்களைச் சட்டத்தால் ஒழிக்க நாங்கள் முயலவில்லை, போட்டியால் இல்லாமல் ஆக்கப்போகிறோம் என்று சொன்னதாகச் செய்தி வந்தது. திருச்சபையின் கட்டடங்களைக் கிரெடிட் யூனியன்களுக்குத் திறந்துவிடுவது, நிர்வாகம் தெரிந்த திருச்சபையினரைத் தொண்டர்களாக அனுப்புவது என்பது அவருடைய திட்டம். இதற்குப் பத்தாண்டுகள் ஆகும் என்றும் அவரே சொன்னார். அந்தக் கால அளவைப் படித்தபோதுதான் எனக்கு அவர்மீது மதிப்பு உண்டாயிற்று. குருவாவதற்கு முன் எண்ணெய் நிறுவனங்களில் நிதிப் பொறுப்பில் பதினொரு ஆண்டுகள் இருந்தவர், வங்கித் துறையின் ஒழுங்கை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவில் உறுப்பினராயிருந்தவர். வட்டி பாவம் என்று பொதுவாகப் பேசிவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை. அவசரத்துக்குக் கடன் தேவைப்படுகிறவருக்கு வேறு எங்கே கிடைக்கும் என்ற கேள்வியைக் கையில் எடுத்தார்.

மறுநாளே அடி விழுந்தது. வோங்காவுக்குத் தொடக்கத்தில் மூலதனம் கொடுத்த ஒரு முதலீட்டு நிதியில் திருச்சபையின் பணமும் இருந்தது என்பதை பைனான்ஷியல் டைம்ஸ் வெளியிட்டது. மொத்தம் 500 கோடி பவுண்டுக்கும் மேலான முதலீட்டில் வோங்காவைச் சேர்ந்த பங்கு சுமார் 75,000 பவுண்டுதான். ஆனால் அதைவிட முக்கியமான இன்னொரு செய்தி கூடவே வந்தது: வருமானத்தில் கால் பங்கு வரை அதிவட்டிக் கடனிலிருந்து பெறும் நிறுவனத்திலும் முதலீடு செய்யத் திருச்சபையின் அறநெறி விதிகளே இடம் கொடுத்திருந்தன. வெல்பி பிபிசி வானொலியில் வந்து, இது வெட்கத்துக்குரியது என்று ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு திருச்சபை அந்த முதலீட்டிலிருந்து வெளியேறியது. எங்கள் அலுவலகத்தில் பலர் அவரை வேடதாரி என்றே முடிவுகட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. அவர் பேசியிராவிட்டால் அந்த முதலீட்டை யாரும் தேடியிருக்க மாட்டார்கள், அந்தக் கால் பங்கு விதியும் வெளிச்சத்துக்கு வந்திராது. பிறரின் கணக்கைக் கேள்வி கேட்டவருடைய கணக்கு எல்லோர் பார்வைக்கும் வந்தது நியாயமே. அதற்கு அவர் முகம் கொடுத்துப் பதில் சொன்னதும் நியாயமே.

அந்தச் செய்தியின் பலன் எங்கள் வாசலிலும் தெரிந்தது. கிரெடிட் யூனியன் என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள், பேராயர் டிவியில் சொன்னாரே, அது நீங்கள்தானா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அருகிலிருந்த தேவாலயம் ஒன்று, வாரத்தில் ஒரு மதியம் தன் கூடத்தில் மேசை போட்டுக்கொள்ள வாடகையில்லாமல் இடம் கொடுத்தது. ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் அங்கே தொண்டராக வந்து உட்கார்ந்தார். விண்ணப்பப் படிவத்தைக் கண்டு மிரள்கிறவர்களிடம் அவர் காட்டிய பொறுமையிலிருந்து நான் நிறையக் கற்றேன். அந்தக் கூடத்துக்கு முஸ்லிம்களும் வந்தார்கள், இந்துக்களும் வந்தார்கள். யாருடைய மதத்தையும் அங்கே யாரும் கேட்கவில்லை.

ஆனால் போட்டியால் ஒழிப்பது என்ற எண்ணம் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நூறு பவுண்டுக் கடனுக்கு மாதம் மூன்று பவுண்டு வட்டி வரும்; அந்த விண்ணப்பத்தைப் படிக்க, வருமானத்தைச் சரிபார்க்க, உறுப்பினரோடு பேச ஆகும் செலவு அதைவிடப் பல மடங்கு. பெரிய கடன்களில் வரும் வருவாயைக்கொண்டுதான் சிறு கடன்களைத் தாங்க முடிந்தது. பத்து நிமிடத்தில் பணம் போடும் கைப்பேசிச் செயலியோடு, தொண்டர்களை நம்பி மதியத்தில் மட்டும் திறக்கும் மேசை எப்படிப் போட்டியிடும்? நிலைமையை மாற்றியது சட்டம்தான். 2013 டிசம்பரில் நிறைவேறிய வங்கிச் சீர்திருத்தச் சட்டம், பேடே லோன் வட்டிக்கு வரம்பு விதிக்கும் கடமையை, நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையத்தின்மேல் வைத்தது. 2015 ஜனவரி 2 முதல் ஒரு நாளைக்கு 0.8%க்கு மேல் வட்டியும் கட்டணமும் வாங்க முடியாது. வட்டி, கட்டணம், தண்டம் எல்லாம் சேர்ந்து வாங்கிய அசலைத் தாண்டவும் கூடாது. இதுவும் இருபத்துநான்கு வட்டிதான். இருந்தும் கடன் முடிவில்லாமல் குட்டி போடுவது நின்றது.

வோங்கா, உண்மையில் இருந்திராத வழக்கறிஞர் நிறுவனங்களின் பெயரில் கடனாளிகளுக்கு மிரட்டல் கடிதம் அனுப்பியதற்காக, 2014 ஜூனில் சுமார் 45,000 பேருக்கு 26 லட்சம் பவுண்டு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில், திருப்பிச் செலுத்தும் சக்தியைச் சரியாகப் பார்க்காமல் கொடுத்த 22 கோடி பவுண்டுக் கடனை, 3,30,000 பேருக்குத் தள்ளுபடி செய்தது. 2018 ஆகஸ்ட் 30 அன்று, குவிந்துவந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தாங்க முடியாமல் திவாலானது. இதில் பேராயரின் பங்கு எவ்வளவு என்று பிரித்து அளக்க முடியாது. இங்கிலாந்துத் திருச்சபையின் 26 ஆயர்களுக்கு நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் இடம் உண்டு. கடன் ஆலோசகர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்ததை ஒரு பேராயர் சொன்னபோது அதை முதல் பக்கத்தில் போட வேண்டிய கட்டாயம் பத்திரிகைகளுக்கு ஏற்பட்டது. எங்கள் அறிக்கைகள் எதற்கும் கிடைக்காத கவனம் அது.

அந்தக் கவனத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு. 2018 செப்டம்பரில் தொழிற்சங்கங்களின் மாநாட்டில் வெல்பி, நிலையான வேலைநேரம் இல்லாத ஒப்பந்தங்களையும் அமேசான் வரி செலுத்தும் விதத்தையும் கண்டித்துப் பேசினார். திருச்சபையின் பெரிய முதலீடுகளில் அமேசானும் ஒன்று என்பது உடனே வெளிவந்தது. பேராலயங்கள் சில அதே வகை ஒப்பந்தங்களில் ஆள் எடுப்பதும் வெளிவந்தது. ஐந்தாண்டு முன்பே ஒருமுறை பட்ட பிறகு, இரண்டாம் முறை பேசுமுன் தம் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. எங்களிடம் கடன் கேட்டு வந்தவர்களில் பலர் அந்த ஒப்பந்தங்களால்தான் அடுத்த வாரச் சம்பளம் எவ்வளவு என்று தெரியாமல் இருந்தார்கள். உண்மையான குற்றச்சாட்டு, அதைச் சொன்னவரின் கவனக்குறைவால் ஒரே நாளில் கேலிப்பொருளானது என்பதே என் வருத்தம். 2024 நவம்பரில் அவர் பதவி விலகியது வேறு காரணத்துக்காக. திருச்சபையோடு தொடர்புடைய ஒருவர் சிறுவர்களைக் கொடுமைப்படுத்திய புகாரைக் கையாண்டதில் தவறினார் என்று ஓர் ஆய்வறிக்கை சொன்னது. அந்தத் தவறை வட்டி ஒழிப்பில் செய்த நன்மையால் ஈடுகட்ட முடியாது.

மடாதிபதி ஒருவர் மக்களின் பிழைப்பைப் பற்றிப் பேசுவது எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் 1952 முதல் 1995 வரை ஆதீனமாயிருந்த குன்றக்குடி அடிகளார், காரைக்குடியிலுள்ள சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகளைக் கிராமத்துக்கு அழைத்துவந்து, எந்த வீட்டில் யாருக்கு என்ன தொழில் என்று திட்டம் போட்டவர். அப்படிப்பட்ட மரபு உள்ள சமூகம், லண்டனில் இத்தனை கோயில்களைக் கட்டிய பிறகும், அவற்றின் வாசலுக்குக் கடனோடு வருகிறவர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பது என்னை உறுத்துகிறது. நான் அறங்காவலர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். கோயிலில் பணக் கஷ்டத்தைப் பேசினால் வருகிறவர்கள் சங்கடப்படுவார்கள் என்றார்கள். ஒருவர் மட்டும் அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் துண்டறிக்கையை வைக்கச் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு மேசை போட இடம் வேண்டும் என்றும், கோயிலின் வைப்புநிதியில் ஒரு சிறு பங்கைக் கிரெடிட் யூனியனில் போடுங்கள், அது உங்கள் அடியார்களுக்கே குறைந்த வட்டிக் கடனாகத் திரும்பும் என்றும் அவருக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.