பட்டியல் அக்கா

எங்கள் பிரதேச சபையில் ஒரு அக்கா இருக்கிறா. பெயர் வேண்டாம், வாசித்தால் எனக்கும் நாலு கிடைக்கும்.

இலங்கையில் 2018 தேர்தலில்தான் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்பது நடைமுறைக்கு வந்தது. வட்டாரத்தில் நேரே நின்று வென்ற ஆண்களுக்கு, கட்சி கொடுத்த பட்டியலில் இருந்து உறுப்பினராக வந்த பெண்கள் என்றால் ஒரு இளக்காரம். ஒருநாள் ஒருவர் கூட்டத்திலேயே, "நீங்கள் பட்டியலில் வந்த ஆள்தானே" என்றாராம். அக்கா நிதானமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "ஓம் தம்பி, நான் பட்டியலில வந்தனான். உங்கட ஒழுங்கை றோட்டுத்தான் இன்னும் ஒரு பட்டியலிலயும் வரேல்லை" என்றா. தவிசாளரே சிரித்துவிட்டாராம்.

இதைச் சொன்னால் சனம், "வாய் கொஞ்சம் கூட" என்கிறது. அதே பகிடியை ஒரு ஆண் விட்டிருந்தால் "நல்ல பேச்சாளர்" என்றிருப்பார்கள். எனக்கு இதில்தான் எரிச்சல்.

இந்த ஊரில் பெண் அரசியலுக்கு வருவது சும்மா காரியமா? 1998 ஜனவரியில் யாழ் மாநகர சபைக்குத் தேர்தல் நடந்தது. சரோஜினி யோகேஸ்வரன் அதன் முதல் பெண் முதல்வரானார், அதாவது மேயர். கணவரை 1989இலேயே சுட்டிருந்தார்கள். அது தெரிந்தும் வந்தவர். மே மாதமே அவரையும் வீட்டில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள்.

சரி, அக்காவிடம் இந்தமுறை வட்டாரத்தில் நிற்பீர்களா என்று கேட்டேன். "நிண்டால் நீ போஸ்டர் ஒட்ட வருவியோ, இல்லை லைக் மட்டும்தானோ?" என்கிறா.