ஏ7

யாழ்ப்பாணத்தில் ஒரு விநியோக நிறுவனத்தின் கிளையில் பதினொரு வருடம் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தேன். இருப்புக் கணக்கில் சீனி மூட்டைகள் குறைந்தன. விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். உள்ளக விசாரணை என்று ஒன்று வைத்தார்கள், வேலை போனது. அந்தக் கதையை இதற்கு மேல் நீட்டப் போவதில்லை. ஏன் என்பது பிறகு விளங்கும்.

முதல் பிழை என்னுடையது. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டு, பேசித் தீர்த்து வைப்பார்கள் என்று இருந்துவிட்டேன். ஒரு தவணைக்கு நிறுவனத்திலிருந்து ஆள் வரும், அடுத்த தவணைக்குக் கடிதம் மட்டும் வரும். மச்சான் வேறு "அவசரப்படாதையுங்கோ, சமரசமாய் முடியும்" என்றார். வேலை நீக்கிய வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு, வேலை போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டுமாம். எனக்கு அது தெரிந்தது எட்டாவது மாதம். அங்கே போயிருந்தால், கட்டளை எனக்கு எதிராக வந்தாலும், சட்டப் பிரச்சினை இருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்திருக்கலாம். கொழும்புக்கு அலைய வேண்டியிருந்திராது.

மிஞ்சியது ஒரு வழிதான். தொழிற்சங்கம் விடாமல் எழுதியதில், 1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 4(1) பிரிவின் கீழ் தொழில் அமைச்சர் என் பிணக்கை ஒரு நடுத்தீர்ப்பாளரிடம், அதாவது இரு பக்கத்தையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவரிடம், அனுப்பினார். இதற்கு நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை. ஒவ்வொரு தவணைக்கும் யாழ்தேவியில் போய், வெள்ளவத்தையில் சித்தப்பா வீட்டில் படுத்தெழும்பி, இரண்டு வருடம் ஓடியது. தீர்ப்பு எனக்கு எதிராக வந்தது. வர்த்தமானியிலும் போட்டார்கள்.

கனடாவிலிருந்து ஒரு நண்பர் உடனே தொலைபேசியில் எடுத்தார். நடுத்தீர்ப்பு என்றால் 60 நாளுக்குள் மேல் நீதிமன்றத்தில் நீக்கச் சொல்லிக் கேட்கலாம், இணையத்தில் இருக்கிறது என்றார். நானும் நம்பி நாள் எண்ணத் தொடங்கினேன். நல்லூரில் இருக்கும் வயதான சட்டத்தரணி சிரித்தார். நண்பர் பார்த்தது 1995 ஆம் ஆண்டின் நடுத்தீர்ப்புச் சட்டம். கம்பனிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதி நடத்துகிற நடுத்தீர்ப்புக்குத்தான் அது. என்னுடையதுக்கு மேன்முறையீடே கிடையாது. கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனு போட்டுத் தீர்ப்பை ரத்துச் செய்யச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவுதான். அதற்கு இத்தனை நாள் என்று கணக்கில்லை. ஆனால் காரணம் காட்டாமல் சுணங்கினால் அதற்காகவே தள்ளிவிடுவார்கள்.

அன்றிரவே உட்கார்ந்து இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். சாட்சிக்கு வந்த முகாமையாளர் எங்கெங்கே பொய் சொன்னார், லொறி எத்தனை மணிக்கு வந்தது, திறப்பு யார் யாரிடம் இருந்தது, எல்லாம். சட்டத்தரணி சிவப்புப் பேனையை எடுத்தார். பக்கம் பக்கமாகக் குறுக்கே கோடு.

"தம்பி, நீர் சொல்லுறது உண்மையாய் இருக்கலாம். ஆர் பொய் சொன்னது எண்டு பார்க்கிறது அந்தக் கோட்டின்ரை வேலை இல்லை. அது நடுத்தீர்ப்பாளரின்ரை வேலை. அவர் தன்ரை வேலையை ஒழுங்காய்ச் செய்தாரோ எண்டுதான் அங்கை பார்ப்பினம்."

எனக்குச் சரியான கோபம். காசு கட்டி வைத்திருக்கிற சட்டத்தரணியே என் கதையைக் கேட்கமாட்டேன் என்கிறாரே. அவர் தீர்ப்பையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். அதிகாரத்தை மீறினாரா, இரண்டு பக்கத்தையும் கேட்டாரா, காரணம் சொன்னாரா, சாட்சியமே இல்லாமல் முடிவெடுத்தாரா என்று தேடினார். ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்தார். 'தொழிலாளி எழுத்துமூலம் எவ்வித விளக்கமும் அளிக்கவில்லை' என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரியில்தான் என் மீதான முடிவு முழுவதும் நின்றது.

நான் கொடுத்த விளக்கக் கடிதம் ஏ7 என்று அடையாளமிடப்பட்டுக் கோப்பில் கிடக்கிறது. நிறுவனத்தின் திகதி முத்திரையும் அதில் இருக்கிறது.

மனு ஆறு பக்கமாகச் சுருங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் 1990 ஆம் ஆண்டு விதிகளின்படி ஆவணங்களுக்கு மூலப் பிரதியோ உறுதிப்படுத்திய பிரதியோ வைக்க வேண்டும், போட்டோக் கொப்பி போதாது. பிரதி எடுக்க மட்டும் கொழும்புக்கு மூன்று தடவை போனேன். தமிழ்க் கடிதங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்த செலவு தனி. இன்னொரு சண்டையும் நடந்தது. பல வருடங்களுக்கு முன் எனக்கு வந்த எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை மறைக்கப் பார்த்தேன். அதையும் சேர்க்காவிட்டால் தான் வரமாட்டேன் என்றார் சட்டத்தரணி. முக்கியமானதை மறைத்துக்கொண்டு வருபவரின் மனுவை வேறெதையும் பாராமலே தள்ளிவிடுவார்களாம்.

அறிவித்தல், ஆட்சேபனை, அதற்கு எங்கள் பதில், எழுத்துமூலச் சமர்ப்பணம் என்று தவணைகள் போயின. வாதம் நடந்த நாளில் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் கடைசி வாங்கில் இருந்தேன். எல்லாம் ஆங்கிலம். எனக்குப் பிடிபட்டது 'ஏ செவன்' ஒன்றுதான். இரண்டு நீதிபதிகளில் ஒருவர் அதை மூன்று முறை சொன்னார். லொறியைப் பற்றியோ திறப்பைப் பற்றியோ பேச்சே வரவில்லை.

தீர்ப்பு ரத்து. வெளியே வந்து வீட்டுக்கு எடுத்து, வென்றுவிட்டோம் என்றேன்.

"அப்ப எப்ப வேலை?" என்றாள் மனைவி.

அதைத்தான் யாருமே எனக்கு முதலில் விளங்கச் சொல்லவில்லை. அல்லது சொன்னது என் காதில் ஏறவில்லை. நடுத்தீர்ப்பாளரின் தீர்ப்பை நீதிமன்றம் அழித்தது. அந்த இடத்தில் தன் தீர்ப்பு ஒன்றை எழுதவில்லை. பிணக்கு வேறொரு நடுத்தீர்ப்பாளரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிறுவனம் விரும்பினால் ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய விசேட அனுமதியும் கேட்கலாம். அந்த ஆறு வாரமும் எனக்கு நித்திரை சரியாக இல்லை. அவர்கள் கேட்கவில்லை.

புதிய விசாரணையின் இரண்டாம் தவணையில் நிறுவனம் சமரசம் பேச வந்தது. வேலை திரும்பக் கிடைக்காது, ஒரு தொகை தருவோம் என்றார்கள். மகளுக்கு அந்த வருடம் உயர்தரப் பரீட்சை. கையெழுத்து வைத்தேன். தொகையை வெளியில் சொல்லக்கூடாது என்று உடன்படிக்கையில் ஒரு வாசகம் இருக்கிறது. சீனி மூட்டை எங்கே போனது என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.