பிள்ளைகளின் பற்களும் நம் வீட்டு நேரசூசியும்

“எங்கள் வீட்டில் இனிப்பே கொடுப்பதில்லை, பிறகு எப்படிப் பிள்ளையின் பல் சூத்தையானது?” என்ற கேள்வியைக் கொழும்பின் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பிள்ளை வளர்க்கும் பெற்றோரிடமிருந்து நான் அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுடைய கணக்கில் இனிப்பு என்றால் சொக்லேட்டும் டொபியும் ஐஸ்கிறீமும் மட்டுந்தான். காலையில் சீனி போட்ட பால்மாத் தேநீர், பாடசாலை வானில் ஏறியதும் கையில் மாரி பிஸ்கட், இடைவேளையில் ஜாம் பூசிய பாண், பாடசாலை விட்டதும் பெட்டியில் அடைத்த பழரசம், ரியூசன் வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு பணிஸ், மாலையில் மைலோ, படுக்கும் நேரத்தில் மறுபடியும் சீனி கலந்த பால் என்று ஒரு பிள்ளையின் நாள் ஓடினாலும், இவற்றில் எதையும் யாரும் இனிப்பு என்று எழுதிவைப்பதில்லை.

வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியை உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. சீனி வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மை கூடி, பீஎச் பெறுமானம் (அமிலம் கூடக் கூட இது குறையும்) 5.5க்குக் கீழே இறங்கும்போது, மேலுறையான மிளிரியிலிருந்து கல்சியமும் பொஸ்பேற்றும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல அந்த அமிலத்தைச் சமப்படுத்தி, இழந்த கனியுப்புகளைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இதற்கு ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அந்த நேரம் முடியுமுன்னே அடுத்த பிஸ்கட் வந்துவிட்டால் உமிழ்நீரின் வேலை பாதியில் நின்றுபோகிறது. ஆகவே ஒரே இருப்பில் சாப்பிட்டு முடித்த பெரிய ஐஸ்கிறீமைக் காட்டிலும், இரண்டு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டு திரிந்த சிறிய பழரசப் பெட்டி பல்லுக்குக் கூடுதலான கேடு செய்யும். சீனியின் அளவு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. நாளாந்தச் சக்தியில், நாம் சேர்க்கும் சீனியோடு தேனிலும் பழரசத்திலும் உள்ள சீனியையும் கூட்டிய பங்கு 10 சதவீதத்துக்கும், இயன்றால் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலுக்குப் பற்சூத்தையும் ஒரு காரணம். எனினும் ஒரு குடும்பம் நாளைக் காலையிலேயே மாற்றக்கூடியது, பிள்ளை எத்தனை தடவை வாய் திறக்கிறது என்பதைத்தான்.

இப்படிப் பார்க்கும்போது நம்முடைய வழமையான சாப்பாட்டு மேசை குற்றமற்றது. இடியப்பமும் சொதியும் சம்பலும், புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், சோறும் பருப்பும் மீனும் வல்லாரைச் சம்பலும் நேரத்துக்கு உண்டு முடிக்கும் உணவுகள். அவற்றில் சீனி சேர்ப்பதும் அரிது. முழுதாகச் சாப்பிடும் நெத்தலிக் கருவாடும், கீரையும், தயிரும் கல்சியம் தருபவை. பிறந்த காலத்திலிருந்து ஏழு எட்டு வயது வரை, கடைசியாக முளைக்கும் ஞானப்பற்களைத் தவிர்ந்த மற்றைய நிரந்தரப் பற்களின் முடிப்பகுதிகள் தாடைக்குள்ளே உருவாகிக்கொண்டிருப்பதால், அந்த வயதில் தட்டில் விழுவது பின்னர் முளைக்கப்போகும் பல்லுக்கும் சேர்த்துத்தான். குழப்பம் வருவது உணவு வேளைகளுக்கு நடுவே. கோல்பேஸ் வெளியில் பட்டம் விடப் போனாலும், மரைன் டிரைவ் ஓரமாக நடக்கப் போனாலும், வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்குப் போனாலும் பிள்ளையின் கையில் ஏதாவது திணிக்காவிட்டால் நமக்கு மனம் கேட்பதில்லை. கோயிலில் தரும் சர்க்கரைப் பொங்கலை மறுக்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை. அதை அங்கேயே சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடிக்கவைத்தால் போதும். தீபாவளிப் பலகாரத்திலும் ஆபத்து அந்த ஒரு நாளில் அல்ல. அதன் பிறகு ஒரு கிழமை முழுவதும் மேசை மீதிருந்து, போகிறவர் வருகிறவர் எல்லாரையும் கையை உள்ளே விடச் செய்யும் தகர டின்னில்தான் ஆபத்து. டின்னை அலுமாரியில் வைத்து, மத்தியானச் சாப்பாட்டோடு மட்டும் திறந்தால், அதே பலகாரம் பல்லுக்குப் பாதிப் பகையாகிவிடும்.

இடைநேரத்துக்கு என்ன கொடுப்பது என்பதில் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அவித்துத் தாளித்த கடலை, வறுத்த கச்சான், அவித்த முட்டை, கொய்யாத் துண்டு, வெள்ளரிக்காய், ஒரு துண்டு சீஸ், நாலு துண்டு மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும் என எதுவும் சரி. இதில் நான் பிடிவாதமாக இருப்பது ஒட்டும் பொருட்களைப் பற்றித்தான். உருளைக்கிழங்குப் பொரியலும் கிறீம் பிஸ்கட்டும் உமிழ்நீரில் குழைந்து கொடுப்புப் பல்லின் வெடிப்புகளில் அப்பிக்கொண்டு, நாக்கால் துழாவினாலும் போகாமல் நீண்ட நேரம் அங்கேயே கிடக்கும். கச்சான் அல்வாவும் பேரீச்சம்பழமும் சத்தானவைதாம். ஆனால் அவற்றுக்குரிய இடம் சாப்பாட்டு மேசை, புத்தகப் பை அல்ல. பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் தேனும் இயற்கையானவை என்பதால் பல்லைத் தாக்காது என்று அம்மம்மாமார் உறுதியாகச் சொல்வார்கள். பற்றீரியாவுக்கு இந்தப் பேதம் தெரியாது.

பாடசாலை வாசலில் விற்கும் வெரளு அச்சாறும், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காயும் அன்னாசியும் வேறு வகை. இவற்றில் உள்ள புளிப்பே நேரடியாக மிளிரியை இளக்கிவிடும். எப்போதாவது ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஆனால் சாப்பிட்ட கையோடு பல் தீட்டக் கூடாது. இளகியிருக்கும் மேற்பரப்பைப் பிரஷ் உராய்ந்து எடுத்துவிடும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்திருப்பது நல்லது.

மென்பானங்களைப் பொறுத்தவரை நம் நாட்டில் ஒரு வசதி உண்டு. 2016 முதல் போத்தல்களிலும் பெட்டிகளிலும் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவானால் பச்சை. கடையில் பிள்ளையையே நிறத்தைத் தேடவிடுங்கள். வாசிக்கத் தெரியாத வயதிலும் அது முடியும். ஆனால் செம்மஞ்சளைக் கண்டதும் நிம்மதி அடைய வேண்டாம். 100 மில்லிலீற்றரில் 9 கிராம் உள்ள 200 மில்லிலீற்றர் பெட்டியில் 18 கிராம் சீனி, அதாவது நாலரைத் தேக்கரண்டி போயிருக்கும். அதே அளவு சீனியை நாம் கையால் ஒரு கோப்பையில் போட்டால் வீட்டில் சண்டையே வரும்.

நம்மவர்களிடம் பல்லுக்கென்றே ஒரு சடங்கு இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். முதற் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளே வைத்து, ஓரத்தைப் பல் வரிசை போலக் கிள்ளி மடித்து, சிலர் அதில் தேங்காய்ச் சொட்டைச் சிறு சிறு பல்லாகச் செதுக்கிக் குத்தியும் வைப்பார்கள். பிள்ளையை இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, கொழுக்கட்டையைக் கொட்டி, முன்னால் புத்தகம், பேனை, நகை என்று பரப்பி எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தத் தட்டில் ஒரு சின்னப் பிரஷையும் வைத்துவிடலாம் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. பகிடியானாலும் காலம் சரிதான்: முதற் பல் தெரிந்த நாளிலிருந்தே தீட்டத் தொடங்க வேண்டும். பால் பற்கள் மொத்தம் 20. ஆறு மாதமளவில் தொடங்கி, மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். அவற்றின் மிளிரி நிரந்தரப் பற்களினுடையதைவிட மெல்லியது. அதனால் சூத்தை விரைவாக உள்ளே இறங்கும். “விழப்போகிற பல்தானே” என்று விட்டுவிடும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. பின்பக்கத்துப் பால் பற்கள் சில பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அவற்றை முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் சரிந்து, வரப்போகும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பற்பசையில், மிளிரியை உறுதியாக்கும் புளோரைட் குறைந்தது 1000 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 1000 பங்கு) இருக்கிறதா என்று சிட்டையில் பாருங்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அதன் பிறகு ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். நாளுக்கு இரு தடவை தீட்டி, நுரையைத் துப்பிவிட வேண்டும். அதற்குமேல் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைட்டும் போய்விடும். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் புளோரைட் என்றதும் பயப்படுவது நியாயம். உலர் வலயக் கிணறுகள் பலவற்றின் நீரில் அது அளவுக்கு மிஞ்சியிருப்பதால் அங்கே பிள்ளைகளின் பற்களில் கறை படிகிறது. கொழும்புக்குக் குழாயில் வருவது பெரும்பாலும் அம்பத்தலையில் சுத்திகரிக்கும் களனி கங்கை நீர். இங்கே அந்தப் பயத்துக்கு இடமில்லை. வேப்பங்குச்சியும் உமிக்கரியும் பற்றிக் கேட்பவர்களுக்கு: குச்சி அழுக்கை உராய்ந்து அகற்றலாம், ஆனால் புளோரைட் தராது, கரியோ சொரசொரப்பினால் பல்லைத் தேய்க்கும்.

இரவுத் தீட்டல்தான் நாளின் முக்கியமான தீட்டல். உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், அதன் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. சீனி கலந்த பால் போத்தலை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைகளுக்கு மேல் முன்பற்கள்தாம் முதலில் கெடும். கீழ் முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் காத்துக்கொள்ளும். காய்ச்சலுக்கு இரவில் கொடுக்கும் சிரப்பிலும் பெரும்பாலும் சீனி இருக்கும். கொடுத்தபின் ஒரு மிடறு தண்ணீராவது குடிக்கவையுங்கள். ஏழு எட்டு வயது வரை பிள்ளை தானாகத் தீட்டினாலும், முடிவில் பெரியவர் ஒருவர் பிரஷை வாங்கி ஒரு சுற்றுத் தீட்டிவிட வேண்டும். அப்பா, அம்மா, அப்பம்மா எல்லாரும் அதே நேரத்தில் கூடி நின்று தீட்டும் வீடுகளில் இந்தச் சண்டை குறைவு.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்து, மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். முரசு (ஈறு) ஓரமாகச் சுண்ணாம்பு பூசியது போல மங்கிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சூத்தையின் முதற் படி. அந்தக் கட்டத்தில் துளை விழுந்திருக்காது. உணவு வேளையை ஒழுங்குபடுத்தி, புளோரைட் கொண்டு பராமரித்தால் திருத்திவிடலாம். கபில நிறமாகி, பள்ளம் விழுந்த பிறகு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. ஆறு வயதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எந்தப் பால் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முதலாவது நிரந்தரக் கொடுப்புப் பல் சத்தமில்லாமல் முளைத்துவிடும். அதையும் பால் பல் என்றே எண்ணிப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆழமான வெடிப்புகள் உள்ள இந்தப் பல்லுக்குப் பல் வைத்தியரிடம் காப்புப் பூச்சுப் போட்டுக்கொள்ளலாம். 13 வயது வரையான பிள்ளைகளைப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள். அதற்கு மேலான சிகிச்சைக்கு வோர்ட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது.

மழை நாளில் வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கு, அமிலம் செய்வதைக் கண்ணால் காட்ட ஒரு வேலை சொல்கிறேன். ஒரு கண்ணாடிக் குவளையில் முட்டையை வைத்து, அது மூழ்கும்படி வினாகிரி ஊற்றுங்கள். உடனே ஓடு முழுவதும் குமிழி கட்டும். ஒன்றிரண்டு நாளில் ஓடு கரைந்து, முட்டை தோல் மட்டும் மிஞ்சித் தளதளவென்று கையில் ஆடும். முட்டை ஓடும் பல்லும் ஒரே பொருளால் ஆனவை அல்ல, பல் இவ்வளவு வேகமாகக் கரையாது என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அன்றிரவு பயத்தில் தோடம்பழத்தையே தொடமாட்டார்கள்.

விளையாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொடர்மாடி வாகனத் தரிப்பிடத்தில் கிரிக்கெட் ஆடும்போது பந்து பட்டு முன்பல் முழுதாகக் கழன்று விழுவது உண்டு. அது நிரந்தரப் பல்லாக இருந்தால் வேரைத் தொடாமல் முடிப்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒரு கணம் அலசி, முடிந்தால் அதே குழியில் மெதுவாகச் செருகிவிட வேண்டும். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் வைத்தியரிடம் கொண்டு ஓட வேண்டும். துணியில் சுற்றிக் காயவிடக் கூடாது. விழுந்தது பால் பல்லாயின் திருப்பிச் செருக வேண்டாம், உள்ளே வளரும் பல்லுக்குச் சேதம் வரும். ஆனாலும் காயத்தைக் காட்டுவதற்கு வைத்தியரிடம் கூட்டிப் போவது அவசியம்.