வெட்டாத தாளின் கணக்கு

ஜூன் 2
இந்த மாதம் புதுத் தாள் வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டு அலமாரியைத் திறந்தேன். எண்ணி முடிக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வண்ணத் தாளும் அட்டையுமாக 412. அதில் 300க்கு மேல் கத்தியே படாதவை. க்வில்லிங் (மெல்லிய காகிதக் கீற்றுகளைச் சுருட்டி உருவம் செய்வது) பட்டைக் கட்டுகள் 11, அதில் ஏழு இன்னும் பிரிக்கவேயில்லை. தாளில் உருவம் வெட்டியெடுக்கும் பேப்பர் பஞ்ச் நான்கு. பட்டாம்பூச்சி மட்டும் இரண்டு, ஏற்கெனவே ஒன்று இருப்பதை மறந்து வாங்கியிருக்கிறேன். காகிதக் கலைக்குச் செலவே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான்தான்.

ஜூன் 3
துண்டுக் காகித டப்பாவைத் தராசில் வைத்தேன். 400 கிராம். 80 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம். ஏ4 தாள் அதில் பதினாறில் ஒரு பங்கு, ஆக 5 கிராம். கிட்டத்தட்ட 80 தாளைத் துண்டாக்கிப் போட்டிருக்கிறேன்! பாதி கெட்டி அட்டைதானே, எண்ணிக்கை குறையும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஜூன் 6
முப்பது சொனோபே மடிப்புகளை (சதுரத் தாளை மடித்து ஒன்றோடொன்று செருகும் ஒரிகாமித் துண்டுகள்) கோத்து ஒரு பந்து செய்ய ஆசை. வழக்கம்போல 75 மி.மீ. சதுரம் என்று அளவுகோலை வைத்தேன். ஏ4 தாள் 210க்கு 297. குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று, ஆக ஒரு தாளில் ஆறு சதுரம்தான் வருகிறது. முப்பதுக்கு ஐந்து தாள் வேண்டும். ஒவ்வொன்றிலும் 60 மி.மீ. அகலப் பட்டை ஒன்றும், 72 மி.மீ. அகலத்தில் இன்னொன்றும் மிச்சம். டப்பா நிரம்பியது இப்படித்தான்.

5 மி.மீ. குறைத்துப் பார்த்தேன். எழுபது! குறுக்கே மூன்று மிச்சமில்லாமல் அடங்குகிறது, நெடுக்கே நான்கு. ஒரு தாளில் பன்னிரண்டு. மூன்று தாளில் பந்து முடிந்து ஆறு சதுரம் கையில் நிற்கிறது, அதில் ஒரு கனசதுரமும் செய்துகொள்ளலாம். பந்து பதினைந்தில் ஒரு பங்கு சிறுத்தது. அருகருகே வைத்தால் ஒழியக் கண்ணுக்குத் தெரியாது. இத்தனை வருடம் யார் என்னை 75 வெட்டச் சொன்னார்கள்?

ஜூன் 7
மிஞ்சியது தாளுக்கு 17 மி.மீ. பட்டை. 3 மி.மீ. அகலத்தில் க்வில்லிங்குக்கு ஐந்து கீற்று தேறும். அந்த உற்சாகத்தில் முழுத் தாளையே கீற்றாக்கப் பார்த்தேன். கணக்குப்படி 70 வர வேண்டும். 58 வந்தது, அதிலும் பாதி கோணல். அகலம் சீராக இல்லாவிட்டால் சுருட்டிய வட்டம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பட்டைகளைக் காசு கொடுத்து வாங்குவதே மேல். நுனியை நறுக்கிச் சுருட்டும் பூக்களுக்கு மட்டும் கைவெட்டு போதும், அதில் கோணல் தெரியாது.

ஜூன் 11
சிக்கனம் இன்று தலைக்கேறிவிட்டது. கட்டர் பிளேடு மழுங்கியிருந்தும் முனையை ஒடித்துப் புது முனையை வெளியே எடுக்காமல், இன்னும் ஓடும் என்று அழுத்தினேன். கத்தி தாளை வெட்டாமல் இழுத்துக்கொண்டு போனது. மூன்று மாலை உட்கார்ந்து செதுக்கிய கிரிகாமி (தாளை வெட்டிச் செய்யும் சித்திரம்), கடைசி இலையில் கிழிந்தது. ஒரு முனையின் விலை ஒன்றுமேயில்லை. பசைத் தூரிகையையும் கட்டிங் மேட்டையும் வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம், பிளேடில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மடிப்புக் கோடு போட ரீஃபில் தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ஒன்று வைத்திருக்கிறேன், கருவிப் பெட்டியிலேயே உருப்படியானது அதுதான்.

ஜூன் 15
காகித வீடு. சுவர் முழுக்கச் செங்கல் நிறம். நான்கு பக்கம் அச்சிட்டதும் பிரிண்டரின் வண்ண மை கீழே இறங்கிவிட்டது, தாளும் ஈரத்தில் அலை அலையாக நெளிந்தது. அப்புறம்தான் உறைத்தது: அலமாரியில் செந்நிற அட்டை சும்மா கிடக்கிறதே! அதில் கோடுகளை மட்டும் கறுப்பில் அச்சிட்டேன். வீடு முன்னைவிட நன்றாகவே வந்தது. சாதாரணத் தாளில் ஒரு வெள்ளோட்டம் பார்க்காமல் இனி அட்டையைத் தொடுவதில்லை.

ஜூன் 20
வெட்டும் இயந்திரம் ஒன்றின் மேல் கண். இரண்டு நாள் யோசித்தேன். இயந்திரத்தோடு செலவு நிற்காது. தாளைப் பிடித்துவைக்கும் ஒட்டும் விரிப்பு தேயும், அதற்கென்று தனி பிளேடு. வேண்டாம்.

ஜூன் 28
மூன்று வருடமாக ‘நல்ல வேலைக்கு’ என்று எடுத்து வைத்திருந்த, பளிங்குக் கல் போல வரியோடும் ஏ4 தாளை வெளியே எடுத்தேன். நான்கு ஓரமும் பழுத்திருந்தது. வெட்ட மனம் வராமல் அலமாரியின் மேல்தட்டில் வெளிச்சம் படும்படி வைத்திருந்தேன். ஓரத்துக்கு 10 மி.மீ. சீவினால் மிஞ்சுவது 190க்கு 277. எழுபதாக வெட்டினால் இரண்டும் மூன்றும் ஆறுதான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

63 மி.மீ. என்றால்? மூன்று 189. நான்கு 252. பன்னிரண்டு.

வெட்டிவிட்டேன், புது முனையால்.